வாய்தா நாள் சாப்பாடு

எங்கள் குடும்பத்தில் யாரும் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று பஸ் ஏறியதில்லை. கல்யாணத்துக்குப் போவார்கள், காரியத்துக்குப் போவார்கள், ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போவார்கள். எங்கள் வீட்டில் கூடுதலாகக் கோர்ட்டுக்கும் போனோம். புவனகிரிக்குப் பக்கத்தில் வெள்ளாற்றங்கரையில் எங்கள் ஊர். அங்கே முக்கால் காணி நஞ்சையும் அதன் வரப்பில் நின்ற ஓர் இலுப்பை மரமும் யாருக்குச் சேரும் என்று அப்பாவுக்கும் பங்காளி வீட்டுப் பெரியப்பாவுக்கும் வழக்கு. சிதம்பரம் முன்சீப் கோர்ட்டில் தொடங்கி, கடலூருக்கு மேல்முறையீடு போய், நான் தாவணி போடும் வயது வரை அது நடந்தது. நான் கடலைப் பார்த்ததும் ஹோட்டலில் சாப்பிட்டதும் அந்த வழக்கின் தயவில்தான்.

அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். பஸ் போர்டைப் படிக்கவும், வக்கீல் குமாஸ்தா துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் அடுத்த தேதியைப் படிக்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் படிப்பு கெட்டுவிடும் என்று என்னைக் கூட்டிப் போனார். பொட்டைப்பிள்ளையின் படிப்பு கெட்டால் பரவாயில்லை என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். அதில் லாபம் எனக்குத்தான். வாய்தா என்றால் வக்கீலுக்குப் பணம், அப்பாவுக்குப் பெருமூச்சு, எனக்கு இட்லி.

வழக்கு சிதம்பரத்தில் இருந்த நாட்களில் விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடிப்போம். கீழவீதியில் இறங்கியதும் நேரே ஹோட்டல். அங்கே இட்லிக்குச் சட்னி, சாம்பாரோடு கத்திரிக்காய் கொத்சும் வைப்பார்கள். சின்னக் கத்திரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளியைக் கரைத்து விட்டு, மல்லியும் கடலைப்பருப்பும் மிளகாயும் பெருங்காயமும் வறுத்து அரைத்த பொடியைப் போட்டுக் கொதிக்கவிட்டது. எண்ணெய் பிரிந்து மேலே மினுங்கும். ஹோட்டல் கொத்சில் வெங்காயமும் உண்டு. எங்கள் வீட்டில் கத்திரிக்காய் என்றால் கருவாட்டுக் குழம்பில் கிடப்பது. இட்லிக்குக் கத்திரிக்காயைத் தொட்டுக்கொள்ளலாம் என்பதையே அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

கொத்சு கோயிலில் இருந்து வந்தது. நடராசருக்கு நைவேத்தியமாகும் சம்பா சாதத்துக்குத் துணை அது. சம்பா சாதம் என்பது மிளகையும் சீரகத்தையும் பொடித்துப் போட்டு நெய் விட்டுக் கிளறிய சாதம். மிளகாய் போர்ச்சுகீசியர் காலத்தில் நம் நாட்டுக்கு வந்த சரக்கு. பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் அவர்கள் வந்து குடியேறிய பிறகும் சம்பா சாதத்தில் மிளகாய்க்கு இடம் கிடைக்கவில்லை. அதன் காரம் மிளகின் காரம்தான். கோயில் மடைப்பள்ளியில் வெங்காயம் கிடையாது. வீதிக்கு வந்ததும் கொத்சு வெங்காயத்தைச் சேர்த்துக்கொண்டது. தரிசனம் முடித்துப் பசியோடு வெளியே வருபவர்களுக்கு உள்ளே பார்த்த ருசியின் ஞாபகம் இருக்குமே, அதற்காக ஹோட்டல்காரர்கள் அதைச் சமைத்தார்கள். மார்கழித் திருவாதிரையன்று மட்டும் வீடுகளில் களியும் பலகாய்க் கூட்டும். விறகு வெட்டிப் பிழைத்த சேந்தனார் வீட்டுக் களியைத் தேடிச் சிவன் வந்தார் என்பது அதன் கதை.

கோர்ட் கூடும்வரை நேரம் இருக்கும். அப்பா கோயிலுக்குள் கூட்டிப் போவார். கோபுர வாசலின் உள்சுவர்களில் நூற்றெட்டுக் கரணங்களும் சிற்பமாக நிற்கின்றன. ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கி நிற்கும் பெண்ணை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவின் கவனம் நாலு வீதியிலும் தேர் திரும்பும் மூலைகளின் மேல் இருக்கும். மூலவரே தேரேறி வீதிக்கு வரும் கோயில் இது. ஆனியிலும் மார்கழியிலும் அந்தத் தேரை இழுத்தவர்களில் அவரும் ஒருவர். கனகசபைக்கு எதிரே ஓரிடத்தில் என்னைப் பிடித்து நிறுத்துவார். “இங்க நில்லு. நேரா பாத்தா நடராசர், திரும்பினா கோவிந்தராசர். ரெண்டு பேரையும் ஒரே எடத்துல கும்பிட்டுக்கலாம்.” ஒரு முறை நாங்கள் போனபோது அந்த இடத்தில் பெரியப்பா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே கல்லின் மேல் ஒதுங்கி நின்று, ஒரே நிலத்துக்காகக் கும்பிட்டார்கள்.

மேல்முறையீடு போன பிறகு கடலூர். அங்கே ஜில்லாக் கோர்ட்டும் கலெக்டர் ஆபீசும் இருந்த பகுதி மஞ்சக்குப்பம். இன்றைய கடலூர் மாவட்டத்தை வைத்து அந்தக் காலத்து மஞ்சக்குப்பத்தை எண்ணிப் பார்க்க முடியாது. 1993இல் பிரிக்கப்படும்வரை அது தென்னாற்காடு மாவட்டம். கல்வராயன் மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சிக்காரரும், திண்டிவனத்துக்காரரும், செஞ்சிக்காரரும் கலெக்டரைப் பார்க்கவோ ஜில்லாக் கோர்ட்டுக்கோ மஞ்சக்குப்பம்தான் வரவேண்டும். பக்கத்துக் கேப்பர் மலையில் மத்தியச் சிறை. 1918 நவம்பரில் பாரதியார் கைதாகி, டிசம்பர் வரை அடைபட்டுக் கிடந்த சிறை அது. உள்ளே இருப்பவரை மனுப் போட்டுப் பார்க்க வந்த குடும்பங்களும் மஞ்சக்குப்பத்தில்தான் பஸ் மாறும். ஆக, அங்கே இருந்த ஹோட்டல்களில் சாப்பிட்ட பாதிப் பேர் ஏதோ ஒரு கவலையோடு சாப்பிட்டார்கள்.

அந்தச் சமையல் கவலைக்காரர்களுக்கு ஏற்றபடி இருந்தது. காலை பத்தரைக்கு மேல் டிபன் கிடையாது. பதினொன்றரைக்கே சாப்பாடு தயார். கேஸ் கூப்பிடுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டியவர்களுக்கு முதல் பந்தி, கோர்ட் சாப்பாட்டுக்குக் கலைந்ததும் வக்கீல்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் இரண்டாவது பந்தி, பஸ்ஸுக்கு நேரமிருப்பவர்களுக்கு மூன்றாவது. கல்லாவில் பணம் கட்டினால் டோக்கன். காரம் குறைவு, மோர் தாராளம். வக்கீல் வீடுகளுக்கு எடுப்புச் சாப்பாடு அடுக்குக் கேரியரில் போகும். அப்பா அளவுச் சாப்பாடு வாங்கமாட்டார், முழுச் சாப்பாடுதான். “வெளியில வந்து அரை வயிறு திங்கறதுக்கு வூட்லயே இருக்கலாம்” என்பார். நான் அவர் இலைக்குப் பக்கத்து இலை. சர்வர் எனக்குக் கேட்காமலே இன்னோர் அப்பளம் போடுவார்.

ஹோட்டலுக்குள் பெண்கள் அதிகம் இல்லை. ஜீவனாம்சத்துக்கும் பாகத்துக்கும் வழக்குப் போட்டிருந்த பெண்கள் கோர்ட் வளாகத்து மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து தயிர்சோறு சாப்பிட்டார்கள். டீ மட்டும் வெளியே இருந்து வரும். நான் ஹோட்டலில் அப்பளம் தின்றுவிட்டு அவர்களைத் தாண்டி நடக்கும்போது ஒரு கிழவி எப்போதும் என்னிடம், “என்ன போட்டாங்க இன்னிக்கி?” என்று கேட்பார். நான் கூட்டு, பொரியல் என்று வரிசையாக ஒப்பிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே ஊறுகாயைத் தொட்டுச் சோற்றை உருட்டுவார்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் கையிருப்புக்கு ஏற்ற ஹோட்டல் ஒன்றுதான். ஆகவே எதிர்க்கட்சியும் அங்கேதான். பெரியப்பா இரண்டு மேஜை தள்ளி உட்காருவார். அப்பாவும் அவரும் பேசிக்கொள்ளமாட்டார்கள். ஆனால் சர்வரிடம் அவர் சத்தமாக, “அந்தப் புள்ளைக்கு ஒரு ஜாங்கிரி வையிப்பா, என் கணக்குல” என்று சொல்வார். நான் அப்பாவைப் பார்ப்பேன். அப்பா சாம்பாரைப் பார்ப்பார். அது சம்மதம் என்று நானே முடிவு செய்துகொள்வேன். வக்கீல்கள் வாதாடியது நிலத்தைப் பற்றி; ஜாங்கிரி அந்த வழக்கில் சேராத தனிச் சொத்து.

மூன்று மணிக்குள் தேதி வாங்கிவிட்டால் தேவனாம்பட்டினம். வெள்ளிக் கடற்கரை என்று போர்டு இருக்கும். கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடுகள். 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கிய கோட்டை. பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை எல்லை என்று அளந்துகொண்டார்களாம். குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஊர்ப்பெயர் இருக்கிறது. சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததால், 1746 முதல் 1752 வரை, இந்தக் கரையில் கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம். கிளைவ் இதன் கவர்னராக இருந்தார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தார். இதை எல்லாம் பின்னால் படித்தேன். அன்றைக்கு வக்கீல் குமாஸ்தா சொன்ன குண்டுக் கதையைக் கேட்டதும் அப்பா சொன்னது இது: “அளக்கறதுக்கு இது நல்ல வழியா இருக்கே. சர்வேயருக்குக் காசு குடுக்க வேண்டாம்.”

கடற்கரையில் நாங்கள் சுண்டல் வாங்கினோம். மீன் சாப்பிட வேண்டுமென்றால் ஓ.டி. என்று எல்லோரும் சொல்லும் பழைய நகரத்துக்குப் போகவேண்டும். அப்பாவுக்குக் கருவாடு கொடுத்து நெல் வாங்கும் ஓர் அம்மாள் சோனாங்குப்பத்தில் இருந்தார். துறைமுகத்து ஏலத்தில் குரல் கொடுத்து மீன் எடுப்பவர். கப்பல்கள் ஆழம் போதாமல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, படகுகள் சரக்கேற்றிப் போய்வந்த காலம். உப்பனாற்று முகத்தில் விசைப்படகுகளும் கட்டுமரங்களும் நெருக்கியடித்து நிற்கும்.

அந்த அம்மாள் எங்களை ஓலைக்கூரைக் கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனார். வஞ்சிரம் கேட்ட அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “வஞ்சிரம் ஐஸ் பொட்டியில ஏறி மெட்ராசுக்குப் போயிட்டுதுண்ணே. இங்க நிக்கிறது காரப்பொடி, கெழங்கான், நெத்திலி. இதத் தின்னு பாருங்க, அதக் கேக்க மாட்டீங்க.” மாங்காய் போட்ட காரப்பொடிக் குழம்பும் நெத்திலி வறுவலும் வந்தன. காரப்பொடி உள்ளங்கை அகலம்கூட இல்லாத வெள்ளி நிற மீன், முள் நிறைய. வாங்கி விற்பவருக்கு அதில் லாபம் இல்லை. அதனால்தான் அது ஊரிலேயே நின்றது, அதனால்தான் அது அவ்வளவு புதிதாக இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போய்வந்து பத்து மணிக்கே பகல் சோறு தின்பவர்களுக்கு வைத்த குழம்பு அது. புளியும் காரமும் தூக்கல். மஞ்சக்குப்பத்து மோர்ச் சாப்பாட்டுக்கும் இதற்கும் நடுவில் சில மைல் தூரம்தான். ஆனால் இரண்டு பசியும் வேறு வேறு வேலையில் பிறந்தவை. அன்றைக்கு இப்படிச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு குழம்பும் ஒரே ஊர்க் குழம்பாக இல்லையே என்ற ஆச்சரியம் மட்டும் இருந்தது.

பணத்துக்குத் தட்டுப்பாடு வந்த நாட்களில் அப்பா திரும்பும் வழியை மாற்றிவிடுவார். குறிஞ்சிப்பாடி வழியாக வடலூர். எங்களுக்குப் பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்பதில்லை. வந்து உட்கார்ந்தால் சோறு. நான் பார்த்த நாட்களில் ஒரு சாம்பார், ஒரு ரசம், அவ்வளவுதான். பரிமாறியவர்கள் எங்களுக்கும் பண்டாரங்களுக்கும் பைத்தியம் பிடித்துத் திரிந்த ஓர் ஆளுக்கும் ஒரே அகப்பை அளவில் போட்டார்கள். அப்பா ஹோட்டலில் கேட்பதுபோல இரண்டாம் முறை அதட்டிக் கேட்கமாட்டார். கேட்கவேண்டிய தேவையும் இருக்காது. வழக்கில் வக்கீலுக்குக் கொடுத்த பணத்தை எண்ணிக்கொண்டே வந்தவர், அங்கே சாப்பிட்ட பிறகு ஊர் வரும்வரை எண்ணமாட்டார். பக்கத்துச் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகள் விலக்கி ஜோதி காட்டுவார்கள். ஊரே அதற்காகப் போகும். எனக்கு வடலூர் என்றால் ஜோதியைவிட அடுப்புதான்.

வழக்கு கோர்ட்டில் முடியவில்லை, சமாதானத்தில் முடிந்தது. நிலம் இரண்டாகப் பிரிந்தது. இலுப்பை மரத்தை வெட்டி விற்று ஆளுக்குப் பாதிப் பணம். நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது என் முதல் வருடக் கட்டணத்தில் அந்த மரத்தின் பங்கும் இருந்தது.

1929இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தின் சாப்பாட்டை இன்னொரு பக்கம் திருப்பியிருந்தது. பக்தர்களுக்குக் கொத்சு, மாணவர்களுக்கு மெஸ். மாதக் கணக்கு, கடன் நோட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கோழி, இரவு பத்து மணிக்குக் கொத்து பரோட்டா. விடுதிப் பெண்கள் ஏழு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்பதால் பரோட்டா எங்களுக்குச் செய்திதான், சாப்பாடு அல்ல. ஞாயிறு பகலில் கூட்டமாகப் பிச்சாவரம் போவோம். பரங்கிப்பேட்டையில் இருந்த பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் படித்த தோழி ஒருத்தி வழிகாட்டி. அதற்கு முன் எங்களுக்குப் பிச்சாவரம் என்றால் 1975இல் வந்த ‘இதயக்கனி’, எம்.ஜி.ஆர். அவள்தான் சுரபுன்னையின் முட்டுக்கால் வேர்களைக் காட்டினாள். உப்பு நீரில் நின்றுகொண்டே அது எப்படி உப்பை ஒதுக்குகிறது என்று விளக்கினாள். தில்லை மரத்தின் கிளையை ஒடிக்கப் போனவளைத் தடுத்து, “அந்தப் பால் கண்ணுல பட்டா கண்ணு போயிரும்டீ” என்றாள்.

சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் நீரும் மரமும் பின்னிக் கிடக்கும் காடு. பெரிய கால்வாயில் மோட்டார் படகு போகும். துடுப்புப் படகில் போனால்தான் கிளைகள் தலைக்கு மேல் கூடும் சந்துகளுக்குள் நுழையமுடியும். இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் நின்று, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வேர்களுக்கிடையில் கைவிட்டு இறாலைத் தடவிப் பிடிப்பதை அங்கே பார்த்தேன். அந்த இறாலைத்தான் பக்கத்துக் கிள்ளையில் படகுக்காரர்கள் சாப்பிடும் சின்னக் கடையில் தொக்காக வைத்தார்கள். கடல் இறாலைவிடச் சிறியது, இனிப்பு அதிகம். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் வளர்ந்த ருசி.

2004 டிசம்பர் 26 காலையில் நான் சென்னையில் இருந்தேன். சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், கிள்ளைக்கு அப்பால் எம்.ஜி.ஆர். திட்டு என்று செய்தியில் ஒவ்வொரு பெயராக வந்தபோது, எனக்கு ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டு நேரத்தோடு ஞாபகம் வந்தது. ஏலம் எடுத்த அம்மாள் அதற்கு முன்பே காலமாகிவிட்டிருந்தார். அவர் மகன் வலையையும் வீட்டையும் இழந்து உயிரோடு இருந்தார். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைந்த சேதத்தோடு தப்பின. மறு வருடம் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, கரையோர மரங்கள் ஊர்களைக் காத்ததற்கு இந்தக் கடலூர்க் கரையைத்தான் எடுத்துக்காட்டியது. 2022இல் பிச்சாவரம் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எங்களுக்கு இறால் கொடுத்த காடு என்று மட்டும் தெரிந்திருந்த எனக்கு, அது இன்னொரு கணக்கிலும் சோறு போட்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது புறவழிச் சாலையில் கார் நிறுத்த இடம் வைத்த பெரிய உணவகங்கள் இருக்கின்றன. ஏ.சி. உண்டு, சுத்தமாகவும் இருக்கின்றன. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கென்றே திறந்தவை. ஆனால் சுற்றிப் பார்க்க வருகிறவர் எந்த ஊர்க்காரர் என்று சமையல்காரருக்குத் தெரியாது. எல்லோருக்கும் பிடிக்கும்படி சமைக்கவேண்டியிருக்கிறது. அதனால் அங்கே கிடைப்பது எந்த நெடுஞ்சாலையிலும் கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட ஆளின் பசியை எதிர்பார்த்து வைத்த உலைக்குத்தான் தனி ருசி என்பது வாய்தாக்களில் நான் படித்த பாடம்.

பிச்சாவரத்துக்கும் சிதம்பரத்துக்கும் போகிறேன், எங்கே சாப்பிடலாம் என்று சென்னை நண்பர்கள் கேட்டால் நான் கடைப் பெயர் சொல்வதில்லை. கடைகள் கைமாறும், மாஸ்டர்கள் போய்விடுவார்கள். வேறு கணக்குச் சொல்வேன். சிதம்பரத்தில் காலை எட்டு மணிக்குள் வீதிக்குப் போங்கள்; கொத்சு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். மஞ்சக்குப்பத்தில் கறுப்புக் கோட்டுக்குப் பின்னால் போங்கள். ஓ.டி.யில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வருகிறவர்கள் எந்தக் கடையில் நுழைகிறார்களோ அங்கே நுழையுங்கள். வஞ்சிரம் கேட்காதீர்கள், இன்றைக்கு என்ன நின்றது என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது நாட்டுப்படகும் கழிமுகமும் கொடுப்பதுதான் இலையில் வரும். அதே மாதங்களில் பண்ருட்டிப் பலா தெருவெல்லாம் மணக்கும், அதைக்கொண்டு சரிக்கட்டிக்கொள்ளலாம். வடலூரில் மட்டும் யாரிடமும் எதுவும் விசாரிக்க வேண்டாம். போய் வரிசையில் உட்கார்ந்தால் போதும்.